கண்ணாடித் தம்ளரில் பால்

மகனின் அப்பாவுக்கு,

வேறு எப்படியும் உங்களை அழைக்க இப்போது மனம் வரவில்லை. போனில் பேசினால் மாமி ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார்கள். அதனால் குவைத் திரும்பும் ஆன்ட்ரூஸ் அண்ணனிடம் கொடுக்கும் சிப்ஸ் பொட்டலத்துக்குள் இதை வைக்கிறேன்.

போன வாரம் மாமி என்னிடம் கண்ணாடித் தம்ளரைத் தந்து என் பாலைப் பீய்ச்சித் தரச் சொன்னார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “வெறும் வெள்ளமாட்டு, பச்சத் தண்ணியாட்டு இருக்கு. இதைக் குடிச்சா பிள்ளை எப்பிடித் தேறும்?” என்றார்கள். போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினார்கள். நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? டின் பால் வாங்கச் சொல்லி உங்கள் அம்மாவுக்குப் பதில் போட்டீர்கள். என் பாலை உங்கள் அறையில் எத்தனை பேர் பார்த்தார்கள்?

அன்று முதல் நான் பால் கொடுக்கத் தொடங்கிய ஐந்தே நிமிடத்தில் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய் டின் பாலைக் கொடுக்கிறார்கள்.

இன்று தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் செசிலி அக்காவிடம் அழுதேன். “முதல்ல வாறது நீர்த்துதான் இருக்கும், மக்கா. கொழுப்பு கடைசியிலதான் கூடும். அவனா விடுறது வரைக்கும் குடிக்கட்டு” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அறைக்கதவைத் தாழ் போட்டுவிட்டேன். மடியில் அவனை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அரைமணி நேரமாக மாமி கதவைத் தட்டுகிறார்கள்.

அவன் இன்னும் விடவில்லை.

இப்படிக்கு,
அவன் அம்மா