ஊதா என்றால் எந்த நிறம், அக்கா?

அக்கா, எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது. இந்த வயதில் நான் பென்சில் பிடிப்பதைப் பார்த்தால் சிரித்துச் சிரித்து உனக்கு இருமல் வந்திருக்கும்.

இன்று முதியோர் வகுப்பில் நிறங்களின் பெயர் படித்தோம். கட்டம் கட்டமாக நிறம், கீழே பெயர். கத்திரிப்பூ நிறக் கட்டத்துக்குக் கீழே விரலை வைத்து நானே படித்தேன். ஊ... தா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வானத்தையும் கடலையும் அல்லவா நாம் ஊதா என்போம்? மறுபடி படித்தேன். ஊதாவேதான். அச்சிலேயே போட்டிருக்கிறார்கள், அக்கா. அந்த டாக்டர் பெண் சொன்னது சரி!

உனக்கு நினைவிருக்கும். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலத்துக்கு நிற்பவளுக்குத் தொண்டைதான் பிழைப்பு. நீ விலை கேட்க வாயெடுத்தால் இழுப்பு வந்துவிடும். அதற்குள் கூடை அடுத்தவள் கைக்குப் போயிருக்கும். பெரியாஸ்பத்திரியில் அதுவரை கொடுத்த காவி நிற இன்ஹேலரில் ஒரே மருந்துதான் இருந்தது. அதற்கு உன் மூச்சு அடங்கவில்லை. டாக்டர் அதை நிறுத்திவிட்டுப் புதிதாக இரண்டு இன்ஹேலரைப் பையில் போட்டுக் கொடுத்தார். “ஊதாவுல ரெண்டு மருந்து சேர்ந்திருக்கும்மா. ஒண்ணு உள்ள இருக்கிற வீக்கத்த கொறைக்கும், ஒண்ணு மூச்சுக்குழாய ரொம்ப நேரம் தொறந்து வைக்கும். ஊதாவ காலையிலயும் ராத்திரியும் தெனம் இழுங்க. இன்னொண்ணு மூச்சு முட்டுனா மட்டும்.”

நீ தவறாமல் இழுத்தாய். ஆனாலும் நாளுக்கு நாள் மோசமானது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினாய். “ரெண்டு மருந்தாம், ரெண்டு! பழைய ஒண்ணுலயாவது உசுரு இருந்துச்சுடா தம்பி” என்று திட்டினாய். நானும் அதையே நம்பினேன்.

மறுபடி போனபோது டாக்டர், “தெனம் இழுக்கிறத காட்டுங்க” என்றார். நீ மடியிலிருந்து எடுத்து நீட்டினாய். அவர் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயில் கை வைத்தாள்.

“அம்மா! இது நீலம்மா. இது அவசரத்துக்கு இழுக்கிறது!”

“நீலமா? நீலம் துணிக்குப் போடறது கண்ணு. இது ஊதா.”

“அப்ப ஊதா எங்க?”

“அது கத்திரிப்பூ கலருல்ல? அத மூச்சு முட்டுனா இழுக்கறேன்.”

டாக்டர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். தினம் வேண்டிய மருந்தைச் சும்மா வைத்துக்கொண்டு, அவசர மருந்தை மட்டும் நம்பி இத்தனை நாள் ஏலத்துக்குப் போயிருக்கிறாய். உயிரோடு உட்கார்ந்திருந்ததே பெரிது. நீயோ வெளியே வந்ததும், “படிச்ச பொண்ணு, கலரு தெரியல பாரு” என்றாய்!

அன்றிலிருந்து கத்திரிப்பூவைத் தினம் இழுத்தாய். சில வாரம் கழித்து ஒரு காலை, ஏலத்தில் வஞ்சிரக் கூடைக்கு நீ குரல் கொடுத்தாய் பார். கூடையைத் தூக்கிக்கொண்டிருந்த நான் நழுவவிட்டேன். ஏலக்காரன் திரும்பி, “யாருய்யா அது?” என்றான்.

“ஏன், சங்கு ஊதிட்டாங்கன்னு நெனச்சியா?” என்றாய்.

அந்தக் குரல் கடைசி வரை இருந்தது. உன்னைக் கொண்டுபோனது மஞ்சள் காமாலை. மூச்சுத் தொல்லை அல்ல.

இப்போதும் ஆஸ்பத்திரி வரிசையில் கையில் இன்ஹேலரோடு யாரையாவது பார்த்தால், “தெனம் எது இழுக்கறீங்க? கலர சொல்லாதீங்க, எடுத்துக் காட்டுங்க” என்று கேட்டுவிடுகிறேன். சிலர் முறைக்கிறார்கள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

வகுப்பு முடியும்போது, “உங்களுக்குப் பிடிச்ச கலர் பேர எழுதுங்க தாத்தா” என்றார் டீச்சர். ஊதா எழுதியிருக்கலாம், இரண்டே எழுத்து. நான் கத்திரிப்பூ என்று எழுதினேன். இரண்டு புள்ளியையும் மறக்கவில்லை, அக்கா. படிக்கச் சொன்னார். ஏலத்தில் நீ விலை கேட்பதுபோல் படித்தேன். வகுப்பே திடுக்கிட்டுத் திரும்பியது.