டேங்கில் இறங்கிய தண்ணீர்

மார்ச் 3, செவ்வாய்

காலை நடையில் படகு நிறையக் கூட்டம். அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகும் நர்ஸம்மா வழக்கம்போல என் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தார். பாதி வழியில் சொல்கிறார்: "உங்க ஓரகத்தி வந்ததுக்கு அப்புறம் என்ஜின் சத்தமே கேக்கறதில்ல. சுகமா தூக்கம் வருது."

ஒன்பது வருடமாக இந்தப் படகை ஓட்டுகிறேன். ஒருநாளாவது எனக்கு இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாரா? இத்தனை நாளும் நான் அவரைத் தூங்கவிடவில்லை என்பது இன்றுதான் தெரிகிறது.

சின்னவள், அதாவது கொழுந்தனின் மனைவி, இந்த வீட்டுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. டீசல் மெக்கானிக் படித்தவள். வந்த வாரமே மாமனார் என்ஜின் அறைச் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். நான் ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு இரண்டு வருடம் காத்திருந்தேன்.

மார்ச் 5, வியாழன்

சாப்பிடும்போது மாமனார் ஆரம்பித்தார். "படகு லைசென்ஸ புதுப்பிக்கணும். ஓட்டுநர்னு ஒரே ஒரு பேர்தான் போடலாம். இதுவரைக்கும் என் பேரு இருந்துச்சு. முட்டி போச்சு, இனிமே முடியாது. யார் பேருன்னு மாசக் கடைசியில சொல்றேன்."

என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துச் சொன்னார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? யார் ஓட்டுகிறார்களோ அவர்கள் பெயர். ஏன் மாசக் கடைசி?

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அப்பா பாத்துப்பாரு" என்றார். மீன் வைக்கும் குளிர்கிடங்கில் வேலை அவருக்கு. ஆளும் அப்படியே ஆகிவிட்டார்.

மார்ச் 6, வெள்ளி

என்ஜின் அறை அவளுக்கு. சரி. தளம் எனக்கு. ஏறுகிறவர்கள் கண்ணில் முதலில் எது படும்? தளம்தானே.

பெரிய பாட்டில் எலுமிச்சை சோப்பு வாங்கினேன். துறைக் குழாயில் ஹோஸை மாட்டி, நுனியை விரலால் அழுத்திப் பிடித்து, ஒரு மூலை விடாமல் பீச்சி அடித்தேன். பின்பக்கம் டீசல் ஊற்றும் மூடி ஒரு சின்னக் குழியில் இருக்கிறது. அழுக்கு அங்கேதான் தேங்கும். அதைத் தனியாகப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். இனிமேல் தினமும் இப்படித்தான்.

மார்ச் 7, சனி

நர்ஸம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். மாமனார் பார்த்தார். சின்னவளும் பார்த்தாள்.

மார்ச் 9, திங்கள்

படகின் முன்மூக்கில் பெயின்ட் உரிந்திருக்கிறது. நான் இடிக்கவில்லை. யார்?

மார்ச் 11, புதன்

நடு நீரில் என்ஜின் திக்கித் திக்கி, வெள்ளையாகப் புகை விட்டு, நின்றே போய்விட்டது. நங்கூரத்தைப் போட்டேன். எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் கீழே பார்க்கிறேன். சின்னவள் என்ஜின் அறைக்குள் இறங்கி, வடிகட்டியின் அடியில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைத் திறந்து காட்டினாள். முக்கால்வாசி தண்ணீர்.

"டீசல்ல தண்ணி கலந்திருக்குக்கா. தண்ணி கனம், டேங்குக்கு அடியில தங்கும். என்ஜின் அடியிலேருந்துதான் உறிஞ்சும்."

வடித்துவிட்டு, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, ஒருவழியாகக் கிளப்பினாள். அக்கரை சேரும்போது எல்லோருக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால் துறையில் மாமனார் நிற்கிறார்.

"என்ஜின் உன் பொறுப்புதானேம்மா?"

அவள் தலை தொங்கிப்போயிற்று. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவேன். நல்ல சந்தோஷம். ராத்திரி ஒரு கவளம் அதிகமாகவே சாப்பிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

நடை இல்லை. கைப்பம்பின் குழாயை டேங்கின் பள்ளமான மூலைவரை விட்டு, அடியில் கிடந்ததையெல்லாம் வாளி வாளியாக இறைத்தோம். அவள் பம்ப் அடித்தாள், நான் வாளி பிடித்தேன். வெளுத்துக் கலங்கலாக வந்தது. "ஓடின ஓட்டத்துல குலுங்கியிருக்கும்" என்றாள். வடிகட்டி இரண்டையும் மாற்றினாள்.

மாமனார் பங்க்காரரிடம் சண்டைக்குப் போனார். "இதே டீசலத்தான் எல்லாப் படகும் போடுது. அவங்களுக்கு வராத தண்ணி உங்களுக்கு மட்டும் எங்கேருந்து வருது?" என்று கேட்டாராம். மாமனார் வந்து சின்னவளை முறைத்தார்.

மார்ச் 13, வெள்ளி

என்ஜின் நன்றாக ஓடுகிறது. அவள் மறுபடியும் நிமிர்ந்து நடக்கிறாள். நான் தளத்தை இரண்டு தடவை கழுவினேன்.

மார்ச் 16, திங்கள்

மறுபடியும். இந்த முறை துறைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நங்கூரம் போட நேரமில்லை. இருந்த வேகத்தை வைத்தே ஒரு திருப்புத் திருப்பி, பக்கவாட்டில் அணைத்து, கயிற்றை வீசிக் கட்டினேன். ஒரு முட்டல் இல்லை. நர்ஸம்மா கையெடுத்துக் கும்பிட்டார். (இன்று அவர் தூங்கவில்லை.)

மாமனார் சின்னவளை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். "படிச்சதெல்லாம் பேப்பர்லதானா?"

அவள் டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஜன்னலில் வைத்தாள். சாயங்காலம்வரை அசையாமல் இருந்தால் டீசல் மேலேயும் தண்ணீர் கீழேயும் பிரிய வேண்டுமாம். சரியாகப் பிரியவில்லை. நடுவிலும் அடியிலும் பால் மாதிரி அப்படியே நிற்கிறது. கீழிருந்து ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"உப்பு இல்ல. படகு அடியில ஓட்ட இருந்தா வெளியில இருக்கற உப்புத் தண்ணிதான் ஏறும். இது குழாத் தண்ணி."

பாட்டிலைக் குலுக்கினாள். நுரைத்தது. மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பாட்டிலை மூடி வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

நான் திறந்து மோந்தேன். டீசலுக்கு அடியில் எலுமிச்சை.

மார்ச் 17, செவ்வாய்

விடிந்ததும் படகுக்கு ஓடினேன். டீசல் மூடியைத் திருகி எடுத்தால், அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. நான் தேய்த்துத் தேய்த்துப் பீச்சிய தண்ணீர் முழுக்க இந்த வெடிப்பு வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. சோப்பு சேர்ந்ததால் பிரியவும் இல்லை, வடிகட்டியிலும் முழுசாக நிற்கவில்லை.

சொல்லிவிடுவாள். இன்றைக்குச் சொல்லிவிடுவாள். லைசென்ஸ் போச்சு. நானாக இருந்தால் நேற்றே சொல்லியிருப்பேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

மத்தியானம் மாமனாரிடம் போனாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம்.

"மூடியோட ரப்பர் வெடிச்சிருக்கு மாமா. மழத் தண்ணி இறங்கியிருக்கும். நான்தான் பாத்திருக்கணும்."

மழை பெய்து ஒரு மாதம் ஆகிறது.

எனக்கு நிம்மதி வர வேண்டும் இல்லையா? வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. என்ஜின் தெரியும், படிப்பு இருக்கிறது, மாமனார் சாவி கொடுக்கிறார். இப்போது நல்லவளும் ஆகிவிட்டாள். இது ஒன்றுதான் பாக்கி இருந்தது. இதிலாவது எனக்கு ஒரு ஓரம் விட்டிருக்கலாம்.

மார்ச் 18, புதன்

டேங்கின் மேலே இருக்கும் பெரிய மூடியைக் கழற்றி உள்ளே கையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். முழங்கைவரை கறுப்புப் பிசுக்கு. தண்ணீர் தங்கினால் டீசலில் பாசி மாதிரி ஒன்று பிடிக்குமாம். நேராகக் கேட்டுவிட்டேன்.

"ஏன் சொல்லல?"

"எதக்கா?"

"நடிக்காத. சோப்பு."

துணியைப் பிழிந்தாள். "சொன்னா மாமா உங்களத் திட்டுவாரு. நீங்க கோவத்துல ஸ்டியரிங்க என்கிட்ட குடுத்துட்டு வீட்ல உக்காந்துருவீங்க."

"உனக்கு நல்லதுதானே?"

"எனக்குக் கரையில கட்ட வராதுக்கா. ஆள் இல்லாதப்ப எடுத்துப் போய்ப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் இடிச்சேன். முன்னால பெயின்ட் போனது என்னாலதான்." மறுபடியும் டேங்குக்குள் கையை விட்டாள். "அன்னைக்கு என்ஜினே இல்லாம நீங்க கொண்டாந்து கட்டினீங்களே, எல்லாரும் கும்பிட்டாங்க. நான் கீழேருந்து பாத்துட்டிருந்தேன். வயிறு எரிஞ்சுதுக்கா. இப்பவும் எரியுது."

"நல்லாத் தொட, அந்த மூலையில இன்னும் இருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே வந்தேன். வயிறு எரிந்ததாம். என்னைப் பார்த்து. அவளுக்கு.

மார்ச் 20, வெள்ளி

அவள் பழியைச் சுமந்துகொண்டு நடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாமனார் முன்னால் போய் நின்றேன். "மாமா, அந்தத் தண்ணி..."

"உக்காரு. மழை எப்பம்மா எலுமிச்ச வாசனையோட பெஞ்சுது?"

ஜன்னலில் இருந்த பாட்டிலை அவரும் மோந்திருக்கிறார்.

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"ரெண்டு பேர்ல யாரு வாயத் தொறக்கறீங்கன்னு பாத்தேன். எனக்கு முட்டி மட்டும்தாம்மா போச்சு." எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சின்னவளிடம் போனார். "பேப்பர் படிப்புன்னு சொன்னது தப்பு" என்றார். அப்புறம் இரண்டு பேரையும் பார்த்து, "பேர நீங்களே பேசிச் சொல்லுங்க. எனக்கு இந்தப் பஞ்சாயத்து வேணாம்."

மார்ச் 21, சனி

"அக்கா பேரு" என்றாள், கேட்ட உடனே. மரியாதைக்கு ஒருமுறை வேண்டாம் என்றேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. அவள் பாட்டுக்குச் சரி என்றுவிட்டால்?

மார்ச் 31, செவ்வாய்

லைசென்ஸ் வந்தது. என் பெயர். வீட்டுக்காரர் இரண்டு முறை வாசித்தார், அவரைப் பொறுத்தவரை அது பெரிய ஆட்டம் போட்ட மாதிரி.

இன்றிலிருந்து ஆள் இல்லாத நேரத்தில் அவளுக்குக் கட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாளே இடித்தாள். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

ஏப்ரல் 18, சனி

மத்தியான நடையில் ஸ்டியரிங்கை அவளிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றோடு முன்னால் நின்றேன். எதிர்க்காற்று. இரண்டு தடவை வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். ஒரே திருப்பு. முட்டாமல் அணைத்துவிட்டாள்.

நர்ஸம்மா இறங்கும்போது என்னிடம் சொன்னார்: "அச்சு அசல் நீங்க கட்டற மாதிரியே இருந்துச்சு."

எரிந்தது. இல்லை என்று எழுத மாட்டேன்.

சாயங்காலம் ஹோஸை அவள் கையில் கொடுத்து, இன்றைக்குத் தளத்தை நீ கழுவு என்றேன். டீசல் மூடிக்குப் புது ரப்பர் போட்டாகிவிட்டது, அவளே போட்டது, ஒரு சொட்டு இறங்காது. இருந்தாலும் அவள் கழுவி முடிக்கும்வரை மூடியின் மேல் என் காலை வைத்துக்கொண்டு நின்றேன்.