ராணிக்குத் தொண்டை கட்டியது

மார்ச் 12

பொரிந்துவிட்டது! கோழி முட்டைகளோடு ஒரே நாளில் வாத்து முட்டையையும் அடைக்கு வைத்த என் புத்தியை என்ன சொல்ல. கோழிக்கு மூன்று வாரம், வாத்துக்கு நான்கு. பொரிந்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு பழுப்புக் கோழி போயே போய்விட்டது. மிச்ச ஒரு வாரமும் அட்டைப்பெட்டி, பல்பு, ஈரத்துணி என்று நான்தான் அடைகாத்தேன். மேலே ஏறி உட்காரவில்லை, அவ்வளவுதான்.

கோழிகள் நாத்தனாருடையவை. கொல்லைப்புறம் அவள் ராஜ்ஜியம். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பொட்டையா இருந்தா இருக்கட்டும் அண்ணி. ஆணா இருந்தா அனுப்பிடணும். என் கோழிங்களை அது சும்மா விடாது." சரி என்று தலையாட்டினேன். ராணி என்று பெயர் வைத்திருக்கிறேன். பெயர் வைத்தால் பெண்ணாகிவிடுமா? ஆகட்டுமே!

மார்ச் 13

இருட்டியதும் பழுப்புக் கோழியின் இறக்கைக்கு அடியில் மெல்லச் செருகினேன். கொத்தவில்லை! 'இதென்ன மூக்கு' என்பது போல் ஒரு பார்வை. பிறகு அணைத்துக்கொண்டது.

மார்ச் 29

ஒரு வாய் தீனி, ஓடிப்போய் ஒரு வாய் தண்ணீர். தண்ணீர் இல்லாமல் மகாராணிக்கு உள்ளே இறங்காது. கோழித்தீனியில் இருக்கும் வைட்டமின் வாத்துக்குப் பத்தாது, கால் வளைந்துவிடும் என்று டாக்டர் சொன்னார் — மாட்டையும் நாயையும் பார்ப்பவர். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு மாத்திரைக்கா பஞ்சம்? பொடித்துக் கலந்துவிட்டேன்.

இன்று முதன்முறையாக அண்டாவில் விட்டேன். என்ன நீச்சல்! பழுப்புக் கோழிதான் பிள்ளை முழுகிவிட்டது என்று சுற்றிச் சுற்றி ஓடிக் கத்தியது. ஐந்தே நிமிடம்தான், தூக்கித் துடைத்துவிட்டேன். தாய் வாத்து இருந்தால் அதன் எண்ணெய் குஞ்சின் மேல் ஒட்டி, நனையாமல் காக்கும். இவளுக்கு அது இல்லை. வாலடியில் சொந்த எண்ணெய் நன்றாகச் சுரக்கும்வரை துண்டோடு நான்தான் நிற்க வேண்டும்.

ஏப்ரல் 30

ராணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. நேற்றுவரை கீச்சுக் கீச்சென்று இருந்தவள், இன்று கர்... கர்... என்கிறாள். கோழியிடமிருந்து ஏதாவது தொற்றிவிட்டதா? வெந்நீர்ப் பையை வைத்து என் அறையிலேயே படுக்க வைத்திருக்கிறேன்.

மே 2

டாக்டர் சிரித்த சிரிப்பு!

"நோயெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. பொட்டை வாத்துதான் குவாக் குவாக்னு ஊரைக் கூட்டும். ஆண் வாத்துக்குக் குரலே இவ்வளவுதான்."

கோழிகளோடு விடலாமா என்று கேட்டேன். அவர் சிரிப்பு போய்விட்டது. "சேவல் மாதிரி இல்லம்மா இது. ஆண் வாத்துக்கு உறுப்பு வெளிய நீண்டு வரும். கோழி உடம்பு தாங்காது, உள்ள கிழிஞ்சிடும். செத்தும் போகும்."

நாத்தனாரிடம் கெஞ்சினேன். டாக்டருக்கும் தவறாதா? கடைசியில் மசிந்தாள். "வால்ல சுருள் இறகு வந்தா ஆண்தானாம். வரட்டும், பாப்போம்."

ஜூலை 11

வால் இறகு சுருண்டுவிட்டது. கத்தரிக்கோலை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூலை 12

நாத்தனாரிடம் காட்டினேன். ஒரு வாரம் தவணை கேட்டேன். "உங்க ஒரு வாரம் எனக்குத் தெரியாதா?" என்றாள். ஆனாலும் விட்டுக்கொடுத்தாள்.

ஆகஸ்ட் 3

என் ஒரு வாரம் மூன்று வாரமாகிவிட்டது. இன்று பழுப்புக் கோழி மேல் ஏறிவிட்டான். இறக்கைக்கு அடியில் வைத்து வளர்த்ததே, அதன் மேலேயே! அவனுக்கு என்ன தெரியும்? பிடரி இறகு பிய்ந்து ரத்தம். நாத்தனார் மடியில் போட்டு மஞ்சள் தடவினாள். திட்டித் தொலைத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். உள்காயம் இல்லை, பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். அனுப்பிடுறேன் என்று நானே சொல்லிவிட்டேன். ஐயோ, இவன் தன்னைக் கோழி என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறான்! வாத்துக்கூட்டத்தில் போய் என்ன செய்வான்?

ஆகஸ்ட் 6

டாக்டர் விசாரித்துச் சொன்ன மீன்குளத்துக்காரரிடம் கொண்டுபோனோம். ஆம், நாத்தனாரும் வந்தாள். வழி நெடுகப் பெட்டி அவள் மடியில்தான்.

திறந்துவிட்டதும் பயந்தபடியே ஆயிற்று. கரையில் மேய்ந்த கோழிகளிடம் நேராக ஓடினான். கொத்து வாங்கினான். திரும்பி வந்து என் செருப்பை ஒட்டி நின்றான். வீட்டுக்கே தூக்கிப் போய்விடலாமா என்று குனிந்தேன். அப்போது குளத்தில் இருபது முப்பது வாத்துகள் ஒன்றாகக் கத்தின. நிமிர்ந்தான். சட்டென்று தண்ணீரில் இறங்கிவிட்டான்! நேராகப் போய் ஒரு சாம்பல் நிறப் பெண் வாத்தின் முன்னால் தலையை மேலும் கீழும் ஆட்டினான். கொல்லையில் கோழிகளிடம் தினமும் ஆட்டுவான். அவை தீனியைத்தான் பார்க்கும். இந்தச் சாம்பல்காரி ஒரு கணம் பார்த்தாள். அவளும் ஆட்டினாள்!

நாத்தனார் என் கையைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணி! பதில் சொல்லுது அண்ணி!"

ராணி, ராணி என்று கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. நாத்தனார்தான் அழுதாள். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.