முந்திரி போல இரண்டு

என் சின்னா, கடலுக்கு அப்பால் போர்ட் பிளேரில் நீ கை கால் சுகத்தோடு இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எனக்குப் பொழுது விடிகிறது. இங்கே சோம்பேட்டைப் பக்கம் மழை பெய்து விட்டிருக்கிறது, எருமை சினையாக இருக்கிறது, நாங்களும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அண்ணன் லோகநாதத்தைச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்ததிலிருந்து அந்த வார்த்தையே எனக்கு ஒட்டவில்லை.

உன்னைப் பெற்ற நாயனாவுக்கு வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரி மிஷினில் ரத்தம் சுத்தம் பண்ணுகிறார்கள். அங்கே இருக்கும் நர்ஸ் ஹைமாவதி, நான் முந்திரி உடைக்கிறவள் என்று தெரிந்து, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். முதுகுப் பக்கம் விலாவுக்குக் கீழே, முந்திரிப் பருப்பு போல வளைந்து, கைமுட்டி அளவில் இரண்டு இருக்கிறதாம். உடம்பு ரத்தமெல்லாம் ஓயாமல் அதற்குள் போய் வருமாம். அழுக்கையும் மிஞ்சின தண்ணீரையும் அது பிரித்து மெல்லிய குழாய் வழியாக அடிவயிற்றுப் பைக்கு இறக்குமாம், பை நிறைந்தால்தான் நமக்கு முட்டுமாம். நாயனாவுக்கு இரண்டும் சுருங்கிவிட்டது, பைக்கு ஒன்றும் இறங்குவதில்லை. குடிக்கிற தண்ணீர் காலில் வீங்குகிறது, நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கிறது. அதனால் நான்தான் தம்ளரில் அளந்து கொடுக்கிறேன், இன்னும் ஒரு வாய் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். நேற்று எருமை மூத்திரம் பெய்வதைப் பார்த்து, பாருடி, மகாராஜா மாதிரி எவ்வளவு தாராளமா விடுது, எனக்கு ஒரு சொட்டுக்கு வழியில்ல என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேறு ஆள் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தால் பிழைப்பார் என்று டாக்டர் சொன்னார். என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையை நீட்டினேன். சோதித்துப் பார்த்துவிட்டு, அம்மா, உங்களுதே பாதி போயிடுச்சு, உங்களுக்கே பத்தாது என்றார். இதை நாயனாவிடம் சொல்லிவிடாதே, ரத்தம் சேரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் அத்தை கவரம்மா வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனாள், ஏன் அண்ணி, சின்னவன் வெளியூர்ல கல்லு மாதிரி இருக்கான், ரெண்டுல ஒண்ணு பெத்தவனுக்குக் குடுத்தா தேய்ஞ்சா போயிடுவான், நீ அவன முந்தானையில முடிஞ்சு வச்சுக்கோ, எங்கண்ணன் சாகட்டும் என்று. இதே நோய் கொண்டுபோன உன் அண்ணனும் கல்லு மாதிரிதான் இருந்தான். கிணற்றுத் தண்ணீர் விஷம் என்று பயந்து, வெயிலில் தோப்பு வேலை முடியும்வரை தாகத்தை அடக்கிக்கொண்டே கிடப்பான், ஊரே அப்படித்தான் கிடக்கிறது. இந்த நோய் எதனால் வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனா ஒடம்ப இப்படி வத்தவிட்டா கெடுதல்தான் என்றார் டாக்டர். நீ அங்கே நன்றாகத் தண்ணீர் குடி, வேலை வேலை என்று மூத்திரத்தை அடக்காதே, வலி மாத்திரையைக் கடையில் வாங்கி நீயாக விழுங்காதே.

உன்னை வா என்றும் எழுத முடியவில்லை, வராதே என்றும் எழுத முடியவில்லை. ஒரு பிள்ளையை நெருப்புக்குக் கொடுத்தவள் மற்றவன் வயிற்றைக் கத்திக்குக் காட்டுவேனா, காட்டாமல் இவர் போவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேனா. நாயனா உன்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு மிஷினில் படுத்தபடி, சின்னவன் ஒடம்பு எப்படி இருக்கு, நல்லாத்தானே இருக்கான் என்று இரண்டு தடவை கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

கங்கம்மா தாயி உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும், நூறு வயசு இரு. சின்னா, அவர் அப்படிக் கேட்டது உன்மேல் இருக்கிற கவலையிலா, உன்னிடம் இருக்கிறதன்மேல் ஆசையிலா?

உன் அம்மா,
நீலவேணி