முதலாளியம்மாவுக்கு நீச்சல் தெரியாது

மார்ச் 10, திங்கள்

உரிமம் புதுப்பிக்கும் படிவத்தோடு இந்த ஆண்டு ஒரு புதிய தாள் வந்திருக்கிறது. கடல் விளையாட்டுக் கடை யார் பெயரில் இருக்கிறதோ அவர், அதிகாரி முன்னிலையில், யார் துணையும் இல்லாமல் ஐம்பது மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். கடைசி நாள் மே 16.

மூன்று முறை படித்தேன். ஒரு கமாகூட எனக்குச் சாதகமாக இல்லை.

உரிமம் என் பெயரில்தான் இருக்கிறது. டோபேகோ தீவின் இந்தக் கரையில் பதினாறு வருடமாகக் கயாக் என்னும் துடுப்புப் படகும் கண்ணாடித் தரைப் படகும் விடுகிறோம். எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பயணிகள் கேட்டால் தூணில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து, "இன்னைக்கு இதமா இருக்கு" என்பேன். பொய் இல்லை.

மதியம் என் கணவர் ஆன்சிலிடம் தாளைக் கொடுத்தேன். சிரித்து முடிக்க நேரமாயிற்று. "அம்பது மீட்டரா? உன் முழங்கால் நனைஞ்சு நான் பார்த்ததில்லையே!"

மார்ச் 11, செவ்வாய்

பெயரை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். தொலைபேசியில் கேட்டேன். மாற்றினால் அது புது விண்ணப்பமாம். எட்டு மாதமாவது ஆகும், அதுவரை கடை மூடியிருக்க வேண்டும், கரையில் எங்களுக்கு ஒதுக்கிய இடமும் வேறு யாருக்காவது போய்விடலாம்.

ஆன்சிலுக்குப் படிவம் என்றால் ஆகாது. அதனால்தான் அன்று என் பெயரைப் போட்டோம். நான் ட்ரினிடாட்டில் பிறந்து பட்டம் வாங்கியவள், தாள்கள் என்னுடையவை; கடல் அவருடையது. நியாயமான பாகப்பிரிவினை.

கடை மூடினால் அவருக்குத் தெரிந்த வேறு வேலை எண்ணெய்க் கிணற்று மேடைதான். ட்ரினிடாட் பக்கம், நடுக்கடலில், மாதத்தில் பாதி நாள். முன்பு அங்கே இருந்தபோது, ஒருமுறை விடுப்பில் வந்தவரை எங்கள் மகள் கெஸியா கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அப்போது அவளுக்கு மூன்று வயது. அந்த வாரம்தான் வேலையை விட்டார். இப்போது அவருக்கு ஐம்பத்தைந்து.

ஆக, நான்தான் நனைய வேண்டும்.

மார்ச் 15, சனி

காலை ஐந்தரைக்கு முதல் பாடம். ஆசிரியை என் மகள், பத்தொன்பது வயது. படகில் வழிகாட்டியாக இருப்பதால் குரலில் ஏற்கெனவே ஒரு அதட்டல்.

"அம்மா, பயப்படாத. தண்ணி உன்னத் தாங்கும்."

நான் பயணிகளிடம் சொல்லும் அதே வசனம். எவ்வளவு உதவாத வசனம் என்று இன்றுதான் தெரிந்தது. என்னைத் தாங்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மெர்லீன் பார்த்துவிட்டாள். ஆன்சிலின் தங்கை, எங்கள் கடைக்குப் பக்கத்திலேயே நண்டும் மாவுருண்டையும் விற்கிறாள். ஆறு மணிக்கு அடுப்பு மூட்ட வந்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி! என் உருண்டைகூட வெந்தா மேல வந்துரும். நீங்க எப்ப வருவீங்க?"

யாரிடமும் சொல்லாதே என்றேன்.

"நான் ஏன் சொல்லப்போறேன்? ட்ரினிடாட்காரங்களுக்குக் கடல்னா சுவத்துல மாட்டுற படம்னு ஊருக்கே தெரியும்."

ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னாளாம். அந்த ஆள் டாக்ஸி ஓட்டுகிறார். மாலைக்குள் மூன்று பேர் என்னை நலம் விசாரித்துவிட்டார்கள்.

மார்ச் 31, திங்கள்

நான்கு நொடி மிதந்தேன். கெஸியா ஐந்து என்கிறாள். நான்குதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

போதும். மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். கெஸியா கையை விட்டுவிட்டாள்—சொல்லாமல் விட்டாள்—நான் அவளைத் திட்டினேன், அவள் என்னைத் திட்டினாள். கரையில் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தொன்பது வயதில் இது என்ன கூத்து? என்னால முடியாது, அவ்வளவுதான். எல்லாருக்கும் எல்லாம் வந்துருமா என்ன?

மத்தியானம் கடைக்குப் பின்னால் ஆன்சில் போனில் பேசிக்கொண்டிருந்தார். எண்ணெய் மேடையில் அவரோடு வேலை பார்த்த யாரோ. "ஆமா, ஆள் எடுக்குறாங்களான்னு சும்மாதான் கேட்டேன்" என்றார். என்னைப் பார்த்ததும் வானிலை பேச ஆரம்பித்தார்.

நாளை ஐந்தரைக்குப் போவேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பக்கூ கிராமத்தில் ஆட்டுப் பந்தயம். ஈஸ்டர் முடிந்த செவ்வாய் என்றால் ஊரில் ஒரு மனிதன் இருக்கமாட்டான். ஆன்சில் வழக்கம்போல் ஒரு கறுப்பு ஆட்டை நம்பிப் போனார். மெர்லீன் அடுப்பையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

கெஸியா போகவில்லை. "ஆடு அடுத்த வருஷமும் ஓடும். நீ வா."

பார்க்க ஆளில்லாத கடலில் பதினைந்து மீட்டர் நீந்தினேன். மிதவையில் உட்கார்ந்திருந்த ஒரு கூழைக்கடா மட்டும் பார்த்தது. அது கருத்துச் சொல்லவில்லை. நல்ல குடும்பத்தில் வளர்ந்தது போலிருக்கிறது.

ஆன்சிலின் ஆடு கடைசி.

மே 2, வெள்ளி

ஐம்பது மீட்டர். முதல் மிதவையிலிருந்து நான்காவது வரை, நடுவில் ஒருமுறை மல்லாந்து மூச்சு வாங்கி. அழகாக இல்லை. ஆனால் காலைக் கீழே வைக்கவில்லை.

"அப்பாகிட்ட சொல்லலாமா?" என்று குதித்தாள் கெஸியா. வேண்டாம் என்றேன். ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. நடந்து முடியாத ஒன்றுக்குப் பாராட்டு வாங்குவது எனக்குப் பிடிக்காது. சோதனை அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற அற்ப ஆசையும் உண்டு.

மே 12, திங்கள்

சோதனை. அதிகாரியின் பெயர் பைனோ. மணலில் காலுறையோடு நடக்கும் மனிதர்.

கடைக்கு எதிரேதான் நடக்கும் என்று நினைத்திருந்தேன். ஆன்சில் அவரைப் படகில் ஏற்றி நைலான் குளத்துக்குக் கொண்டுபோனார். கரையிலிருந்து பத்து நிமிடம். நடுக்கடலில் மணல் மேடு, இடுப்பளவுத் தண்ணீர். அங்கே முங்கினால் பத்து வயது குறையும் என்று பயணிகளிடம் சொல்லிப் பிழைக்கிறோம்.

"அங்கதான் சார் தண்ணி தெளிவு. உங்களுக்குப் பார்க்க வசதி" என்றார் ஆன்சில், என் பக்கம் திரும்பாமல்.

இன்று பௌர்ணமி. கடல் எவ்வளவு வற்ற முடியுமோ அவ்வளவு வற்றியிருந்தது. இடுப்பளவு எங்கே? தொடைக்குக்கூட எட்டவில்லை. ஆனாலும் நீந்தினேன். சத்தியமாக நீந்தினேன். கையை வீசும்போதெல்லாம் விரலில் மணல் அகப்பட்டது, முழங்கால் இரண்டு இடத்தில் சிராய்த்தது.

பைனோ கடிகாரத்தை நிறுத்தினார். படகின் விளிம்பில் குனிந்து என் முழங்காலையே பார்த்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க நீந்துனீங்களா, தவழ்ந்தீங்களா?"

கையெழுத்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமை, பவளப்பாறைக்கு வெளியே, ஆழத்தில் மறுபடி. அதுதான் கடைசி நாள்.

திரும்பி வரும்போது நான் கடலைப் பார்த்தேன், ஆன்சில் இஞ்சினைப் பார்த்தார். இஞ்சின்கூட மரியாதையாக ஓடியது.

மே 13, செவ்வாய்

 இன்று காலை, லைஃப் ஜாக்கெட்டுகளை அலசும்போது கேட்டேன்.

"என்னால முடியாதுன்னு நினைச்சீங்க. அதானே?"

"ஆமா."

இப்படி நேராகப் பதில் சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

"போன மாசம் எட்டாம் தேதி நீ கரையில அழுததப் பார்த்தேன். அப்புறம் என்னாச்சுன்னு நீ சொன்னியா? ஒரு வார்த்தை? நான் என்னத்தக் கண்டேன்?" ஜாக்கெட்டைப் பிழிந்துகொண்டே இருந்தார். "மூணு வாரமா அலை அட்டவணைய வெச்சுக்கிட்டு எந்த நாள் தண்ணி வத்தும்னு பார்த்தேன். நீ மூழ்கக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு."

அட்டவணையைக் காட்டினார். மே 12ஐச் சுற்றி மூன்று வட்டம். அந்தத் தேதியைக் கேட்டு அலுவலகத்துக்கு அவரே கடிதம் எழுதியிருக்கிறார். படிவம் உட்பட. இரண்டு பிழைகள். பதினாறு வருடத்தில் அவர் நிரப்பிய ஒரே படிவம்.

கோபம் போகவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ரெண்டாந் தேதியே அம்பது மீட்டர் போயிட்டேன்" என்றேன்.

கையிலிருந்த ஜாக்கெட்டைக் கீழே போட்டார். "அடிப்பாவி!"

மே 16, வெள்ளி

குதித்தேன் என்று எழுத ஆசைதான். இறங்கினேன். ஏணியில், பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக. கீழே நீலம் கறுத்துக் கிடந்தது. தரை தெரியவில்லை.

மெர்லீன் அழைக்காமலே படகில் ஏறியிருந்தாள், ஒரு அண்டா நண்டோடு. "அண்ணி, கீழ பார்க்காதீங்க! என்னப் பாருங்க! இல்ல, என்னப் பார்த்தாலும் பயமா இருக்கும், அந்தக் கொடியப் பாருங்க!"

முடிவிடத்து மிதவையில் நட்டிருந்த கொடியைப் பார்த்தேன். முப்பது மீட்டர் வாக்கில் கை ஓய்ந்துவிட்டது. மல்லாந்து கிடந்தேன். காதில் தண்ணீர், மெர்லீன் குரல்கூட இல்லை. இங்கே காலை இறக்கினால் அது எங்கும் படாது என்று நினைத்தேன். நினைத்தும் மிதந்துகொண்டிருந்தேன். பிறகு திரும்பிப் படுத்து மீதியை முடித்தேன்.

பைனோ கையெழுத்துப் போட்டார். பிறகு, மாவுருண்டை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

ஆன்சில் துண்டை என் தலையில் போட்டு, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு கரை வரை ஒரு கையால் படகோட்டினார்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று பதினொரு மணிப் படகில் நானும் போனேன். பவளப்பாறைக்கு மேலே பயணிகளோடு தண்ணீரில் இறங்கினேன், முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலுமாக. ஒரு கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் சத்தம் தண்ணீருக்குள் நன்றாகக் கேட்கிறது, பாக்கு வெட்டுவதுபோல. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதன் பின்னாலேயே போனேன்.

தலையைத் தூக்கியபோது படகில் எல்லோரும் ஒரே வரிசையாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆன்சில் மூன்று முறை தலை எண்ணியிருக்கிறார். பதினாறு இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து. ஒரு கனடாக்கார அம்மாள் பதறிப்போய் யாரைக் காணோம் என்று கேட்க, "முதலாளியம்மாவ" என்றாராம்.

"லிஸ்ட்ரா! ஏறுறியா இல்லையா?"

"அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மறுபடி முகத்தை உள்ளே வைத்தேன்.

கரை சேர இருபத்தைந்து நிமிடம் தாமதம். அடுத்த படகுக்குக் காத்திருந்தவர்களிடம் ஆன்சில்தான் மன்னிப்புக் கேட்டார்.