வெளியே போகும் வழி

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று தொடங்குவதுதான் முறை என்பதால், நாங்கள் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்பச் சொன்னால், நம்பிவிட்டுப் போகிறேன்.

நீ கேட்ட குப்பையெல்லாம் இந்தப் பெட்டியில் இருக்கிறது. ஊரில் தங்கைகள் அக்காவிடம் துணி கேட்பார்கள், தின்பண்டம் கேட்பார்கள். நீ செத்துப்போன டி.வி.க்களின் குடலைக் கேட்கிறாய். கலை படிக்கப் போனவளா, காயலான் கடை வைக்கப் போனவளா என்று மாடி வீட்டுத் தையல்கார அக்கா கேட்டாள். இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று சொல்லிவைத்தேன். அப்பாவின் ரிப்பேர் கடை அலமாரியில் கீழ்த்தட்டு இரண்டையும் காலி செய்துவிட்டேன். பச்சை போர்டுகள், ரேடியோ ஸ்பீக்கர்கள், ஒரு டப்பா நிறையத் திருகுக் குமிழ்கள். ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோனவர்களின் சாமான்கள்தான் எல்லாம். ஒருவர் மட்டும் மறக்கவில்லை. போன வாரம் பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து, தன் ரேடியோ தயாரா என்று கேட்டார். பக்கவாதம் வந்து கடை அறைக் கட்டிலில் கிடக்கும் அப்பாவைப் பார்த்ததும் முகம் மாறி, "பரவால்ல, அவசரமில்ல, மெதுவா பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கும் வந்திருக்கும், பாதி வாய் கோணியது.

போனிலேயே இதையெல்லாம் பேசலாம்தான். ஆனால் அப்பாவுக்குப் பேச்சுதான் போயிருக்கிறது, காது போகவில்லை. பாம்புச் செவி. நான் சமையலறையில் கிசுகிசுத்தால் கடை அறையில் கண் உருளும். அதனால்தான் கடிதம்.

நீ சொன்னபடி போனை அலமாரி மேல் வைத்து ஒலிப்பதிவு செய்து அனுப்பினேனே, கேட்டாயா? கட்டில் கம்பியில் அப்பா தட்டுவது தெளிவாக விழுந்திருக்கிறதா? நீ கிளம்பிப் போன பிறகு வந்த பாஷை அது, அதனால் உனக்கு அகராதி வேண்டும். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் புரட்டிப் படுக்க வை. விடாமல் தட்டினால், வா. எதற்கு என்று கேட்கக் கூடாது, வா.

தட்டும் அந்த ஸ்க்ரூடிரைவரையும் கேட்டிருந்தாய். மனமில்லாமல்தான் எடுத்தேன். மஞ்சள் பிடி, அப்பாவின் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் பள்ளமாகியிருக்கிறது. அதற்குப் பதில் புதிதாகச் சிவப்புப் பிடி போட்ட ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறேன். உன் படிப்பின் கடைசிக் கண்காட்சிக்கு உதவுமென்றால் இருக்கட்டும்.

நான் வேலை பார்த்த பல் செட் பட்டறையின் முதலாளி வந்திருந்தார். ஷட்டருக்கு வெளியிலேயே நின்று பேசினார். என் மேசையை இன்னும் யாருக்கும் தரவில்லையாம். முன்பற்களை மெழுகில் செதுக்க என்னைப் போல ஆள் கிடைக்கவில்லை என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். தங்கை படிப்பு முடிந்து வந்து ஆறு மாதம் அப்பாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள், அவள் வந்த மறுநாளே நான் வருகிறேன் என்றேன். நீ சொன்னதைத்தான் சொன்னேன்.

பெட்டிக்கு அடியில் உடைந்த டி.வி. திரைக் கண்ணாடியும் இருக்கிறது, கையுறை போட்டுக்கொண்டு எடு.

அன்புடன்,
அக்கா


அன்புள்ள வாலுக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது என்று செய்தி போட்டிருந்தாய், மகிழ்ச்சி. இங்கே ஒரு சங்கடம்.

அப்பா தட்டுவதை நிறுத்திவிட்டார்.

புது ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்தால் விரலை மடக்குவதில்லை. அது போர்வையில் உருண்டு தரையில் விழுகிறது. எடுத்துக் கொடுத்தால் மறுபடி விழுகிறது. கரண்டி கொடுத்துப் பார்த்தேன், சீப்பு கொடுத்துப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோபமா, நாம் அவருடைய வாயைப் பிடுங்கி அனுப்பிவிட்டோம் என்ற வருத்தமா, கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

தொல்லை விட்டது என்று நான் நிம்மதியாக இருக்கலாம் அல்லவா? இருக்க முடியவில்லை. முன்பு கூப்பிட்டால் போவேன். இப்போது கூப்பிடாததால் போகிறேன். பாத்திரத்தைப் பாதியில் போட்டுவிட்டுப் போய்ப் பார்க்கிறேன், தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டப் போய்ப் பார்க்கிறேன். தாகமாக இருக்குமோ, முதுகு வலிக்குமோ, மூச்சு இருக்கிறதோ என்று. குப்பையைத் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு ஓட்டமாக ஓடி வருகிறேன். தையல்கார அக்கா கொஞ்ச நேரம் உட்கார்கிறேன், நீ வெளியே போய் வா என்றாள். போனேன். மருந்துக் கடை வரை போய், ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன். முதலில் ஒரு நர்ஸ் அம்மாவை வைத்துப் பார்த்தோமே, அப்பா எச்சில் கிண்ணத்தை வீசி அவளை ஓட வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது யாரையும் ஓட வைக்க அவருக்கும் தெம்பு இல்லை, கூப்பிட்டு வர எனக்கும் தெம்பு இல்லை.

வேலை முடிந்ததும் மஞ்சள் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி அனுப்பிவிடு. கண்காட்சி எப்போது முடிகிறது என்றும் எழுது. நீ வரும் தேதி தெரிந்தால் முதலாளிக்குச் சொல்லிவைப்பேன்.

அக்கா


அன்புள்ள தங்கைக்கு,

உன் வீடியோ வந்தது.

பாத்திரம் கழுவிக்கொண்டே பார்க்கலாம் என்று சமையலறை ஜன்னல் கட்டையில் போனைச் சாய்த்து வைத்தேன். பழைய டி.வி. கூடுகளை அடுக்கி, நான் அனுப்பிய போர்டுகளையும் ஸ்பீக்கர்களையும் பதித்து நீ எழுப்பியிருந்த சுவர் தெரிந்தது. ஒரு ஆள் ஒடுங்கிப் போகும் அளவுக்குத்தான் வழி. உள்ளே குட்டிக் குட்டித் திரைகள். ஒன்றில் நம் மின்விசிறி, ஒன்றில் ஷட்டருக்கு அடியில் வரும் வெளிச்சம், ஒன்றில் நான் பிழிந்து போட்ட துண்டு. நான் உனக்கு எடுத்து அனுப்பியவைதான். யாரோ உள்ளே நுழைந்தார்கள். நுழைந்ததும் தட்டல் ஆரம்பித்தது. விடாமல்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

என்ன வேண்டும் என்று கேட்டேன். சிவப்பு ஸ்க்ரூடிரைவர் போர்வை மேல் அப்படியே கிடந்தது. அப்பா தட்டவில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை, என்னைத் தாண்டி சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே என் போன் தட்டிக்கொண்டிருந்தது.

உனக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. உன் கண்காட்சிக்கு வந்தவர்கள் நின்று கேட்டார்கள். என் காலை அது இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பிறகு போனை எடுத்து வந்து அப்பா முகத்துக்கு முன்னால் பிடித்தேன். முதலிலிருந்து பார்த்தார். தன் கடைச் சரக்கு சுவராகி நிற்பதைப் பார்த்தார். கடைசியில் மஞ்சள் ஸ்க்ரூடிரைவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டிருந்தாயே, அங்கே வந்ததும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நல்ல கை போர்வையைத் துழாவியது. புது ஸ்க்ரூடிரைவரைத் தானாகவே எடுத்தார். இத்தனை நாள் கழித்துக் கம்பியில் தட்டினார். போன் தட்ட, இவர் தட்ட, நான் நடுவில் நின்றேன். தட்டி முடித்ததும் ஸ்க்ரூடிரைவரை நீட்டி ஷட்டரைக் காட்டினார். கையை இறக்காமல் காட்டிக்கொண்டே இருந்தார். நீ வர வேண்டும் என்கிறாரா, நான் போக வேண்டும் என்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே வாசல்தான்.

நீ செய்தது நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. மோசமாக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். உன் ஆசிரியர் கடைசியில் பேசுகிறாரே, உள்ளே நின்றால் மூச்சு முட்டுகிறது, அற்புதம் என்று, அதை இரண்டு தடவை கேட்டேன். மூச்சு முட்டுவதற்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, தோழியோடு படம் எடுத்துக்கொண்டாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. உன் மேல் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. பக்கத்தில் ஒரு அட்டை வைத்திருந்தாய், அதைப் பெரிதாக்கிப் படித்தேன். ஒலிகள், மாணவியின் வீட்டில் பதிவு செய்யப்பட்டவை என்று இருந்தது. உன் வீடுதான், இல்லை என்று யார் சொன்னது. யார் பதிவு செய்தார்கள் என்று ஒரு வரி எழுத அட்டையில் இடமில்லையா? உன் கண்காட்சியில் அப்பா இருக்கிறார், மின்விசிறி இருக்கிறது, துண்டு இருக்கிறது. துண்டைப் பிழிந்தவளைக் காணோம்.

இதோடு நீ எழுதியிருந்த செய்தியையும் படித்தேன். அங்கேயே இன்னும் ஒரு வருடம் தங்கி வேலை செய்ய இடம் தருகிறார்களாம். அடுத்ததாகச் செய்வதற்கு இந்த வீட்டின் ஒரு முழு நாள் ஒலி வேண்டுமாம், இடையில் வெட்டாமல். போனை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடு அக்கா, நீ வழக்கம் போல இரு, போதும் என்று எழுதியிருக்கிறாய்.

வழக்கம் போல இருப்பதைத்தான் என்னால் இனி முடியாது என்று எத்தனை விதமாகச் சொல்வது? குறிப்பால் சொன்னேன், உனக்குப் புரியவில்லை, அல்லது புரிந்தது. இப்போது நேராகவே சொல்கிறேன். பட்டறை அடுத்த மாதம் புது இடத்துக்கு மாறுகிறது. முதலாளி தையல்கார அக்காவிடம் சொல்லி அனுப்பினார். எனக்கு ஜன்னல் ஓரம் மேசை போட இடம் விட்டிருக்கிறாராம். ஆனால் மாறுவதற்குள் பதில் வேண்டும், அதற்கு மேல் காக்க முடியாது என்றாராம். அவர் மேல் தப்பில்லை. ஊரில் பல் விழுந்தவர்கள் எனக்காக வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்களா?

எனக்கு அந்த மேசை வேண்டும். மெழுகு வாசனை வேண்டும். யாரோ முன்பின் தெரியாத ஒருவருடைய சிரிப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். மாலையில் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். திரும்பி வருவது என்றால் முதலில் போயிருக்க வேண்டும் அல்லவா, அது வேண்டும். அப்பா மேல் எனக்குப் பாசம் இல்லாமலில்லை. பாசம் இருப்பதால்தான் ஒரு நாள் அவர் தட்டும்போது போகாமல் நின்றுவிடுவேனோ என்று பயப்படுகிறேன். அந்தப் பயத்தோடு என்னை இங்கே விட்டுவைக்காதே.

அந்த ஒரு வருடத்தை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. உனக்குத் திறமை இருக்கிறது, நானே பார்த்தேன். ஆறு மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று அவர்களிடம் கேள். வாயைத் திறந்து கேள். முழு நாள் ஒலி வேண்டுமென்றால் வந்து நீயே எடுத்துக்கொள், இங்கே அதற்குப் பஞ்சமில்லை. ஆறு மாதம் எடுத்தாலும் தீராது. அகராதியைத்தான் முன்பே எழுதி அனுப்பிவிட்டேனே, ஒரு தட்டு தண்ணீர், இரண்டு தட்டு புரட்டிப் படுக்க வை. மூன்றாவது உனக்கே தெரியும், அதைத்தான் அங்கே ஊருக்கே கேட்க வைத்திருக்கிறாய்.

மஞ்சள் ஸ்க்ரூடிரைவரை அனுப்ப வேண்டாம். அப்பா சிவப்புக்குப் பழகிவிட்டார். அது கண்ணாடிப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

வேறு ஒன்று கேட்கிறேன். வீடியோவின் கடைசியில், நீ கட்டிய அந்த ஒடுக்கமான அறைக்குள், டி.வி. கூடுகளுக்கு மேலே பச்சை விளக்கில் ஒரு அம்புக்குறி இருந்தது. வெளியே போகும் வழி என்று எழுதியிருந்தது. மூச்சு முட்டியவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் வெளியே போனார்கள். நம் வீட்டின் ஒவ்வொரு மூலையையும் அங்கே கொண்டுபோய் வைத்தாய். அது ஒன்றுதான் இங்கே இல்லாதது.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் வாலு. உன் கை பட்டது துலங்க வேண்டும். வரும்போது எனக்கென்று எதுவும் வாங்கி வராதே. அந்த அம்புக்குறியை மட்டும் கழற்றி எடுத்து வா.

உன் வரவை எதிர்பார்த்து,
அக்கா