உன் பங்குக்குப் பதினாறு எழுத்து

3ஆம் தேதி, புதன்கிழமை

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம், கம்ப்யூட்டர் மட்டும்தான் படுத்துவிட்டது. நீயும் அங்கே சுகமாகத்தான் இருப்பாய். ஃபோனை எடுக்காதவர்களுக்கு என்ன குறை?

இந்தக் காலத்தில் போய்க் கடுதாசியா என்று சிரிக்காதே. ஃபோனில் அனுப்பினால் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாய். இதைப் படிக்க உறையைக் கிழிக்கவாவது வேண்டுமே, அந்த வேலையாவது செய். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

நீ கோபித்துக்கொண்டு போன பிறகு நம் செருப்புப் பட்டறைக்கு வருகிறவர்களின் கால் அளவையெல்லாம் நான்தான் ஏற்றுகிறேன், ஒற்றை விரலால். கம்ப்யூட்டரில் நீ போட்டுவைத்த லினக்ஸ் ஒரு மாதமாகத் தினமும் காலையில், புதுப் பதிப்பு வந்திருக்கிறது, மாற்றட்டுமா, மாற்றட்டுமா என்று நச்சரித்தது. உன் அண்ணன் என்னைப் பெண் கேட்டு வந்தபோதுகூட இத்தனை தடவை கேட்கவில்லை. போன வெள்ளிக்கிழமை தொல்லை விட்டால் போதும் என்று சரி போட்டேன். அது பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஓடியது. எனக்கு டீ நினைப்பு வந்தது. பட்டறையில் உருப்படியாக இருப்பது ஒரே ஒரு பிளக். கெட்டிலைச் சொருக வேண்டுமானால் எதையாவது பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கினேன் என்று கேட்காதே. டீ நன்றாக இருந்தது.

மறுபடி போட்டால் கம்ப்யூட்டர் எழுந்தது. பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன், வாங்கிக்கொண்டது. உள்ளே போனால் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. ஃபோல்டரில் ஒரே ஒரு சீட்டு, இங்கிலீஷில். தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண்ணைக் கூட்டிவந்து காட்டினேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, “அக்கா, ஹோம் ஃபோல்டரையே என்கிரிப்ட் பண்ணி வச்சிருக்காங்க. உள்ள எல்லாம் பத்திரமா இருக்கு. இப்ப அதுதான் பிரச்சினையே” என்றாள். நம் பட்டறையில் என்ன அணுகுண்டா செய்கிறோம், இப்படிப் பூட்டி வைக்க? மருத்துவமனையிலிருந்து வருகிறவர்களுடைய அளவு, வெளியே போகக்கூடாது என்று நீதான் அன்றைக்குப் பிரசங்கம் செய்தாய். போகவில்லை, சாமி. எங்களுக்கே தெரியவில்லை.

எட்டு வருஷத்து வேலை அதில் இருக்கிறது. நாம் தைப்பது கடையில் தொங்கும் செருப்பா? ஒரு கால் குட்டையானவர்கள், பாதம் மடங்கியவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் எங்கே கடித்தது, எத்தனை மில்லிமீட்டர் ஏற்றினோம், எங்கே செதுக்கினோம் என்று நடந்து பார்த்து நடந்து பார்த்து எழுதியது. திரும்ப எடுக்க வேண்டுமானால் ஒரு ஆளுக்கு மூன்று மாசம் ஆகும்.

மற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். தபால்காரர் பொறுக்க முடியாது. ஆமாம், அதே தபால்காரர்தான், இடது கால் குட்டை. போன வருஷம் நம் பூட்ஸைப் போட்டுக்கொண்டு படியில் உருண்டாரே, அதன் பிறகு ஆபீசில் உட்கார்ந்து கடிதம் பிரிக்கிறார். இருபத்தைந்தாம் தேதி டாக்டர் முன்னால் இரண்டு மாடி ஏறி இறங்கிக் காட்ட வேண்டுமாம். ஏறினால் மறுபடி தெருவுக்கு விடுவார்கள், இல்லாவிட்டால் கடைசி வரைக்கும் அந்த நாற்காலிதான். இருபத்திரண்டு வருஷம் நடந்த மனுஷன். பழைய பூட்ஸ் அடி பிளந்துவிட்டது. பழி போட்டு அடித்துக்கொண்டது நீயும் உன் அண்ணனும், ஆனால் அந்த மனுஷன் இன்னமும் நம்மிடம்தான் வந்து நிற்கிறார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதனால் அளவை நீ தப்பாக எழுதினாயா, உன் அண்ணன் தப்பாக வெட்டினாரா என்ற பஞ்சாயத்தை மூட்டை கட்டி வை. இந்தப் பூட்டை எப்படித் திறப்பது, அதை மட்டும் சொல். உன் அண்ணனுக்கு நான் எழுதுவது தெரியாது. தெரிந்தால் தாம்தூம் என்று குதிப்பார். குதிக்கட்டும், கால் நல்ல கால்தானே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பிளக்கைப் பிடுங்கிய அண்ணி


12ஆம் தேதி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

ஃபோனில் நீ அனுப்பிய பதில் வந்தது. நாலே நாலு வரி. நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. கம்ப்யூட்டருக்கு எழுதிய மாதிரி எழுதியிருக்கிறாய். சரி, பதில் போட்டாயே, அதுவரைக்கும் புண்ணியம்.

நீ சொன்னபடியே செய்தோம். புதுப் பதிப்பு அந்தப் பூட்டைத் திறக்கும் புரோகிராமைக் கூடவே எடுத்து வரவில்லை, தனியாகப் போட வேண்டும் என்றாயே, ரிப்பேர்க்காரி அதைப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நீ சொன்ன அந்தச் சின்ன ஃபைலைத் தேடி அளவு பார்த்தாள். பூஜ்யம். அவள் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்: தினமும் நான் போடும் பாஸ்வேர்டு வாசல் கதவைத் திறக்காதாம், ஒரு சின்னப் பெட்டியைத்தான் திறக்குமாம். பெட்டிக்குள்ளேதான் பெரிய சாவி. மாற்றிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனதால் பெட்டி காலி. கதவு கல் மாதிரி நிற்கிறது. இனி அந்தப் பெரிய சாவியை யாராவது காகிதத்தில் எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. ஒரு டீக்கு இவ்வளவு பெரிய தண்டனை.

உன் நாலாவது வரிக்கு வருகிறேன். “முப்பத்திரண்டு எழுத்துச் சாவி. பாதி என்னிடம். பாதி அவரிடம்.” அவரிடமாம்! அண்ணனிடம் என்று அடிக்க விரல் வரவில்லையா?

இதைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டு உன் அண்ணனைப் பிடித்தேன். முதலில் குதித்தார். குதித்து முடித்ததும் ஒப்புக்கொண்டார். தோல் வைக்கும் அலமாரிக்கு இரண்டு பூட்டு போட்டு ஆளுக்கொரு சாவி வைத்திருப்பீர்களே, ஒருவர் இல்லாமல் மற்றவர் நல்ல தோலில் கை வைக்கக் கூடாது என்று, அதே வழக்கம்தானாம். கம்ப்யூட்டர், இதை எழுதிப் பத்திரமாக வையுங்கள் என்று முப்பத்திரண்டு எழுத்தைக் காட்டியதாம். நீங்கள் இருவரும் நடுவில் அட்டையை வைத்து மறைத்துக்கொண்டு ஆளுக்குப் பதினாறு எழுதினீர்களாம். ஒருவர் பாதியை மற்றவர் பார்க்கவில்லையாம். உலகத்தில் யாராவது இப்படிச் செய்வார்களா என்று ரிப்பேர்க்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கஞ்சி காய்ச்சுகிறவள் நான்.

சரி, உங்க பாதி எங்க என்று கேட்டேன். தொலைந்துவிட்டது என்றார். எங்கே தொலைந்தது? தெரியாது. எப்போது? தெரியாது. பொய் சொல்லும்போது அவர் மூக்கைத் தடவுவார். அன்றைக்குத் தடவிய தடவலில் மூக்கே தேய்ந்திருக்கும். மூன்று நாள் பட்டறையைப் புரட்டினேன். நாலாம் நாள் வாசலில் கழற்றிப் போட்டிருந்த அவருடைய ஷூவைத் துடைக்க எடுத்தேன். வலது ஷூவின் உள்தோல் மட்டும் ஓரத்தில் ஒட்டாமல் நிற்கிறது. பசையைத் தொட்டே பிழைக்கிறவர் தன் ஷூவை ஒட்டாமல் விடுவாரா? தூக்கிப் பார்த்தால், டேப் சுற்றிய துண்டுச் சீட்டு. பதினாறு எழுத்து. உன் மேலுள்ள கோபத்தை நெஞ்சில் சுமக்கிறார் என்று நினைத்தேன். காலில் போட்டு மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

“ஏன் மறைச்சீங்க?” என்று கேட்டேன். “அவன் பாதிய அவன் மொதல்ல அனுப்பட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கப் போய்விட்டார்.

தபால்காரர் நேற்று வந்தார். உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அனுப்பு தம்பி. அவரை நம்பி அனுப்பாதே, என்னை நம்பி அனுப்பு. பெரிய மனசு பண்ணு. உனக்கு அது கஷ்டமென்றால் சின்ன மனசோடாவது அனுப்பு, எழுத்து சரியாக இருந்தால் போதும்.

உன் அண்ணி


28ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் உறை பதினெட்டாம் தேதி வந்தது. மேலே என் பெயர், உள்ளே பதினாறு எழுத்து, கீழே “அவரிடம் காட்ட வேண்டாம்.” காட்டவில்லை. நீங்கள் வைத்த சட்டத்தை மீறுகிற தைரியம் எனக்கு உண்டா?

அன்றைக்குக் கூத்தைக் கேள். உன் எழுத்தை நான் அடிக்கும்போது உன் அண்ணன் வாசலுக்குப் போய்த் திரும்பி நிற்க வேண்டும். அவர் அடிக்கும்போது நானும் ரிப்பேர்க்காரியும் வாசலில் நிற்க வேண்டும். போகிற வருகிறவர்களெல்லாம் யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரிக்கிறார்கள். அடித்தோம். தப்பு என்றது. மறுபடி அடித்தோம், தப்பு. ரிப்பேர்க்காரி, “சார், மொதல் பாதி யாரோடது?” என்று கேட்டாள். “நாந்தான் மூத்தவன். என்னோடதுதான் மொதல்ல” என்றார். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க என்று அவரை அனுப்பிவிட்டு உன் பதினாறை முதலில் போட்டோம். பிறகு அவரைக் கூப்பிட்டு மீதியைப் போடச் சொன்னோம். திறந்துகொண்டது. ஒரு எழுத்தும் போகவில்லை, எல்லாக் காலும் வரிசையாக நின்றது. அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். அவள், “அக்கா, மொதல்ல ஒரு காப்பி எடுத்து வைங்க. அப்புறமா அழுங்க” என்றாள்.

இப்போது ஒன்று சொல்கிறேன், திட்டாதே. இந்தப் பதினாலு மாசமும் அந்தக் கம்ப்யூட்டர் என் கையில்தான் இருந்தது. தபால்காரர் பெயரை அழுத்தினால் யார் தப்பு என்று தெரிந்திருக்கும். நான் அழுத்தவில்லை. தெரிந்துகொண்டு என்ன செய்வேன்? தப்பு செய்தவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

அன்றைக்கு வேறு வழியில்லை, அழுத்தினேன். நீ ஏற்றியது, தேதி போட்டு: இடது குதிகால் இருபத்தெட்டு மில்லி. உன் அண்ணன் பின்னால் நின்றிருந்தார். ஏணி போட்டுப் பரணில் ஏறினார். அந்தப் பழைய பூட்ஸை அவர் தூக்கிப் போடவில்லை, துணியில் சுற்றி வைத்திருக்கிறார். இறக்கிக் குதிகாலை அளந்தார். மறுபடி அளந்தார். வேறு அளவுகோலை எடுத்து மூன்றாவது தடவை அளந்தார். இருபத்துமூன்று. ஐந்து குறைவு, அவர் வெட்டியதுதான் தப்பு.

அவருக்கு அது முன்னாலேயே தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாவிட்டால் சீட்டை எதற்கு மறைக்க வேண்டும்? அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. நானும் கேலி செய்யவில்லை. பார்த்துக்கொள், நானே கேலி செய்யவில்லை.

மறுநாளிலிருந்து நாலு நாள் வேறு எதையும் தொடவில்லை. உன் அளவின்படியே தக்கையை வெட்டி, செதுக்கி, தோல் போட்டார். யாரையும் கிட்டே விடவில்லை. இருபத்தைந்தாம் தேதி தபால்காரர் அதைப் போட்டுக்கொண்டு டாக்டர் முன்னால் இரண்டு மாடி ஏறி இறங்கினார். போதும் என்று சொன்ன பிறகும் இன்னொரு தடவை ஏறிக் காட்டினாராம். நாளையிலிருந்து தெருவுக்குப் போகிறார்.

அதைச் சொல்ல அவர் பட்டறைக்கு வந்தபோது ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். உன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, கை ராசி, கை ராசி என்றார். உன் அண்ணன் எழுந்து நின்று, “என் கையில ஒண்ணும் இல்ல. என் தம்பி எடுத்த அளவு. போன தடவை நாந்தான் தப்பா வெட்டினேன்” என்றார். யாருக்கும் காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டாம் தடவையும் சொன்னார். போன வருஷம் எல்லார் முன்னாலும் எந்த இடத்தில் நின்று உன்னைத் திட்டினாரோ அதே இடத்தில் நின்று.

ஊருக்கே சொல்லியாயிற்று. உன்னிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஃபோன் போடுங்க என்றால், அவன் எடுக்க மாட்டான் என்கிறார். நாலு தடவை நம்பரை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். இதை எழுதும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்து ஏதோ தேய்க்கிறார். ஒரு மணி நேரமாக ஒரே இடத்தையே தேய்க்கிறார். இன்னும் கொஞ்சம் போனால் அந்தத் தோலில் ஓட்டை விழும்.

அதனால் நான் ஒரு காரியம் செய்யப்போகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு, ரிப்பேர்க்காரி வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். ஐந்து மணிக்கு முன்னால் திரும்ப மாட்டேன். அந்த ஒரு மணி நேரம் பட்டறை ஃபோனை எடுக்க அவரைத் தவிர ஆள் கிடையாது. பத்து தடவை அடித்தாலும் அசைய மாட்டார், பதினோராவது தடவை எடுப்பார். அவரை எனக்குத் தெரியும். எடுத்ததும் பேச மாட்டார், மூச்சு மட்டும் கேட்கும். வைத்துவிடாதே.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். நல்லபடியாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நீண்ட காலம் இருக்க வேண்டும். பொறுமையாகவும் இருக்க வேண்டும், ஃபோன் பதினோராவது தடவை அடிக்கும் வரைக்குமாவது.

உன் அண்ணி